யமனுக்குப் புரியாத பாட்டு

கொட்டாப்புளியைத் தொடாமலே எங்களோடு வேலைக்கு வந்தவன் ஸ்ரீதாம் ஒருவன்தான். மொட்டைமாடியில் நாங்கள் முப்பது பெண்களுக்கு மேல் வரிசை வரிசையாகக் குந்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிய தளத்தை அந்த மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்போம். அவன் கவிழ்த்துப்போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து, விளிம்பு உடைந்த கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டு பாடுவான். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"நாம முதுகொடிய அடிக்கணும், இந்த ஆளு வாயாலேயே வேலை செய்வாராக்கும்?" என்றேன்.

பக்கத்தில் இருந்த எலோகேசி சிரித்தாள். "கொஞ்சம் பொறு பாமா. அவர் தண்ணி குடிக்கப் போகட்டும், அப்புறம் பேசு."

அவன் தண்ணீர் குடிக்கப் போனான். அவ்வளவுதான், எங்கள் அடி சிதறிப்போயிற்று. ஒருத்தி ஓங்கும்போது ஒருத்தி இறக்குகிறாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. கோர்பான் மேஸ்திரி கீழேயிருந்து, "என்னம்மா, தளம் அடிக்கிறீங்களா, ஆளுக்கொரு பாம்பு அடிக்கிறீங்களா?" என்று கத்தினார். ஸ்ரீதாம் திரும்பி வந்து வாயைத் திறந்ததும் என் கை தானாக எழும்பியது. அதற்குப் பிறகு நான் அவனைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

கல்கத்தாவில் அப்போது தளம் அடிக்கும் வேலை எல்லா வீதியிலும் நடக்கும். அடி எங்கும் ஒன்றுபோல விழ வேண்டும். ஓர் இடத்தில் பலமாகவும் ஓர் இடத்தில் ஏனோதானோவென்றும் அடித்தால் காய்ந்ததும் விரிசல் விடும். அடுத்த ஆடி மழைக்கு வீட்டுக்காரர் படுக்கையில் ஒழுகும். தொடங்கிவிட்டால் இடையில் விடவும் முடியாது. பாதி அடித்த தளம் காய்ந்துபோனால் மொத்தத்தையும் பெயர்த்து எறிய வேண்டியதுதான். அதனால்தான் பாட்டுக்காரன்; அவனை சர்தார் என்போம். மற்ற சர்தார்கள் ராதை கிருஷ்ணனைப் பாடுவார்கள், அல்லது வீட்டு முதலாளியின் கள்ள உறவைப் பாடுவார்கள். ஸ்ரீதாம் இரண்டும் பாடமாட்டான். அவன் பாடுவது இப்படி இருக்கும்:

ஜிங்கிலிப் பட்டியில் ஜாம்பளம் பூத்தது,
டங்கிலி மாமனைத் துண்ணுளி பார்த்தது,
முப்புளிச் சந்தையில் மூக்கணி வாங்கித்
தப்புளித் தாத்தன் தலைகீழ் தூங்க...

வரிக்கு நாலு அடி. கொட்டாப்புளி விழ வேண்டிய இடத்தில் சொல்லே வந்து விழும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது. ஆனாலும் வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கலாம்போல இருக்கும். முப்புளி என்று சொன்னால் உதடு ஒட்டிப் பிரியும், துண்ணுளி என்றால் நாக்கு நுனி கூசும். மத்தியானம் பொரியும் பச்சை மிளகாயும் தின்னும்போது இதே பேச்சுதான். துண்ணுளி ஒரு பறவை என்பாள் எலோகேசி. இல்லை, சின்ன வயதிலேயே தாலி அறுத்த ஒரு அத்தை என்பாள் பிந்து. அது அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கிற பொம்பளை, அதாவது பிந்துவேதான் என்பேன் நான். சண்டை முற்றி அவனிடமே போய்க் கேட்டோம்.

"எனக்கென்னம்மா தெரியும்? அது மாமனைப் பார்த்துச்சு. அதுவரைக்கும்தான் எனக்கே தெரியும்" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நெடுநெடுவென்று, கன்னம் ஒட்டி, எப்போதும் எழவு வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி இருப்பான். பர்தமான் பக்கத்துக்காரன். தாமோதர் நதி வெள்ளத்தில் வீட்டையும் மாட்டையும் கொண்டுபோன வருஷம் கால்நடையாகக் கல்கத்தா வந்தவன். அந்த வாயிலிருந்துதான் இந்தச் சொற்கள் வரும். நாங்கள் அவற்றை முந்தானையில் முடிந்து வீட்டுக்கும் கொண்டுபோவோம். என் புருஷன் குடித்துவிட்டு வந்த ஒரு நாள், "வாய்யா தப்புளி, வந்து உக்காரு" என்றேன். திட்டா கொஞ்சலா என்று தெரியாமல் முழித்துவிட்டு, கையை ஓங்க மறந்து, சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டான்.

நாலு வரியோடு பாட்டு நிற்காது. ஐந்தாவதாக ஒரே ஒரு சொல், ஒரே ஒரு அடி. அது ஸ்ரீதாமுடையது அல்ல, டுனியுடையது.

டுனி அவன் மகள். ஆறு வயது இருக்கும், முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக்கொண்டிருப்பாள். நாலாவது வரி முடியும்போது அவள் அப்பன் தாளத்தை ஓங்கி அவளைப் பார்ப்பான். அவள் வாய்க்கு வந்ததை ஒரே கத்தாகக் கத்துவாள்.

"கொப்பளாங்!"

அடுத்த முறை, "சுர்ருமுட்டி!" அதற்கடுத்து, "நீம்பலக்கோ!" ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்லமாட்டாள். என்ன வரப்போகிறதோ என்று முப்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். வந்ததும் மாடியே சிரிக்கும், அந்தச் சிரிப்போடு விழும் அடிதான் இருக்கிற அடிகளிலேயே கனமானது. ஸ்ரீதாம் அவள் சொன்ன சொல்லையே எடுத்து அடுத்த பாட்டைத் தொடங்குவான். கொப்பளாங்குக்குக் கல்யாணம் நடக்கும், நீம்பலக்கோ ஆற்றைக் கடக்கும். அவள் சொல் கொடுத்தால்தான் பாட்டு நகரும்.

ஷியாம்பஜார் பக்கம் மித்திரர் வீட்டில் புதுமாடி எழுப்பினார்கள். தளம் அடிக்கத் தொடங்கிய அன்று அந்த வீட்டு எஜமானியம்மா மேலே வந்து பார்த்தாள். வெற்றிலை வாயோடு, நல்ல மனுஷி. டுனியின் கத்தலைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருடி இது? யாரு பெத்த பொண்ணு?" என்று கேட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து காந்தமணி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மருத்துவச்சி பொண்ணுங்கம்மா."

காந்தமணிதான் டுனியைப் பெற்றவள், ஸ்ரீதாமின் மனைவி. அவள் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாக டுனி பிறந்ததும் தொப்புள்கொடி அறுத்த கையோடு மூன்று சோழிக்கு மருத்துவச்சியிடம் விற்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு. இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று யமன் திரும்பிப் போய்விடுவான். விற்ற பிள்ளையைத் தாய்தான் வளர்ப்பாள், ஆனால் என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் ஒரு மாதம் சொல்லாமல் இருந்துவிட்டு மறந்துவிடுவார்கள். காந்தமணி ஒரு நாளும் மறக்கவில்லை. ஊரார் முன்னால் அந்தக் குழந்தையின் தலையைக்கூடத் தடவமாட்டாள். நாங்களெல்லாம் புருஷனை இன்னார் அப்பா என்று பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அவள் ஸ்ரீதாமை ஊரார் மாதிரி சர்தாரு என்றுதான் கூப்பிடுவாள். அப்பனும் மகளும் உளறுவதைக் கேட்டால் அவள் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு மத்தியானம் ஸ்ரீதாமிடம் கேட்டேன். "ஏன் அண்ணே, அவதான் ஒண்ணும் சொல்றதில்லே. நீயாவது பொண்ணை ஒரு நாள் கண்ணே, பொன்னேன்னு கொஞ்சக் கூடாதா? எப்பப் பாரு கொப்பளாங்கு, சுர்ருமுட்டி!"

அவன் பொரியை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"பொன்னேன்னு சொன்னா மேல ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருப்பான், பாமா. ஓகோ, இந்த வீட்டுல பொன்னு இருக்குதான்னு இறங்கி வருவான். கொப்பளாங்குன்னா அவனுக்குப் புரியுமா? பாடட்டும் பைத்தியக்காரன்னு போயிடுவான். இதெல்லாம் அவ தொட்டில்ல கெடந்தப்போ ஆரம்பிச்சது. நீங்க சிரிக்கிறீங்க. நான் கொஞ்சிக்கிட்டு இருக்கேன்."

தப்புளியும் முப்புளியும் முப்பது பெண்கள் நடுவில் அவன் மகளை மடியில் வைத்துக் கொஞ்சிய கொஞ்சல். நாங்களும் அதற்குத்தான் கொட்டாப்புளி போட்டிருக்கிறோம். காந்தமணி காதிலும் அது விழுந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள்.

அந்தத் தளம் பாதி அடித்திருந்தபோது எங்கள் கால்வாய்க்கரைக் குடிசைகளில் வாந்திபேதி வந்தது. டுனிக்கு விடியற்காலையில் கண்டது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. நீம்தலா சுடுகாட்டுப் படித்துறையில் எரித்தார்கள். எலோகேசி கூடப் போனாள், அவள்தான் சொன்னாள். சிதை எரியும்போது காந்தமணி அழவில்லையாம். புருஷனைப் பார்த்து, "யமனுக்குப் புரியாதுன்னியே சர்தாரு. புரிஞ்சிருச்சே" என்றாளாம். அதற்குப் பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நாங்கள் தளம் காயாமலிருக்க அதன் மேல் ஈரச் சாக்கைப் பரப்பி வெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். கோர்பான் மேஸ்திரி தாடியை உருவிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு மேல தாங்காதும்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, மனசு கேக்கலே. ஆனா சுண்ணாம்புக்கு மனசு ஏது? மாணிக்தலா சர்தாரைக் கூப்பிடட்டுமா?"

"எவனையாவது கூப்பிட்டா நான் கொட்டாப்புளியைத் தொடமாட்டேன்" என்றேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் ஸ்ரீதாம் வந்தான். மழிக்காத முகம், எண்ணெய் இல்லாத தலை. வெகுதூரம் பின்னால் காந்தமணி வந்தாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூடைக்குப் பக்கத்தில் அந்தச் சிரட்டை அப்படியே கிடந்தது. அதை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு அந்தப் பாட்டு வேணாம். ஏதாவது நல்ல பாட்டா, சாமி பாட்டா பாடு" என்றாள் பிந்து. "மேனகை தன் மகள் துர்காவைப் பிறந்த வீட்டுக்குக் கூப்பிடுற பாட்டு இருக்கே, அது உருக்கமா இருக்கும்."

இவளுக்கு அறிவு என்று ஒன்று இருந்தால்தானே! வீடு வீடாக துர்கா பூஜைக்கு முன் பாடுகிற பாட்டுதான். ஆனால் யாரிடம் எதைப் பாடச் சொல்வது? மறுப்பதற்குக்கூட அவனுக்குத் தெம்பில்லை. தொடங்கினான். இரண்டாவது வரியில் மகளே என்று வருகிறது. அந்தச் சொல்லுக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றான். மகளே என்ற இடத்தில் மறுபடியும் நின்றான். எங்கள் அடி நாலாபக்கமும் சிதறியது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்ரீதாம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். தாளத்தை எடுத்தான்.

ஜிங்கிலிப் பட்டியில் ஜாம்பளம் பூத்தது...

கை எழும்பியது. என்ன செய்வது, எழும்பத்தான் செய்தது. மாடிப்படியில் நின்றிருந்த மித்திரர் வீட்டு மாமியார்க் கிழவி, "அடப்பாவி, சாம்பல் இன்னும் ஆறலே, கூத்துப் பாட்டுப் பாடுறான் பாரு! இது மனுஷ நெஞ்சா, கருங்கல்லா?" என்று காறித் துப்பிவிட்டு இறங்கிப்போனாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் தலையையே தளம் என்று நினைத்து அடித்தேன். அர்த்தமுள்ள சொல் ஒவ்வொன்றும் அவனைக் குத்துகிறது. குத்தாத சொல் அவனிடம் இருப்பதே இதுதான். கிழவிக்கு அது எங்கே தெரியப்போகிறது?

நாலாவது வரி முடிந்தது. அவன் தாளத்தை ஓங்கினான். பழக்கத்தில் கண் பக்கத்துக்குப் போனது. தாளம் விழுந்தது, முப்பது கொட்டாப்புளியும் விழுந்தன. சொல் வரவில்லை.

அவன் அடுத்த பாட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவான்? அதற்குச் சொல் அவள் கொடுக்க வேண்டும். ஜிங்கிலிப் பட்டியிலிருந்து மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் அந்த வெற்று அடி. மறுபடியும் ஜிங்கிலி. காலை முழுக்க இப்படியே நடந்தது. ஒரே நாலு வரி, செக்கு மாடு மாதிரி. வெற்று அடி வரும்போதெல்லாம் எங்கள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் ஓடும். நாமாவது ஒன்றைக் கத்திவிடலாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. கொப்பளாங் என்று சொல்லலாம், ஆனால் அது அவள் சொல்லி முடித்தது, சொன்னதை அவள் மறுபடி சொன்னதில்லை. புதிதாகச் சொல்லவோ எனக்கு உரிமையில்லை. எலோகேசியைப் பார்த்தேன், அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மத்தியானம் யாரும் சாப்பிட இறங்கவில்லை. வெயில் முதுகில் விழுந்தது. நாலாவது வரி முடிந்தது, தாளம் உயர்ந்தது.

"லுப்பலுங்கோ."

கடைசி வரிசையிலிருந்து வந்தது. கரகரத்த குரல், கல்லைத் துப்புவதுபோல. காந்தமணி திரும்பக்கூட இல்லை. கொட்டாப்புளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தாளம் ஒரு அடி தவறியது. அத்தனை வருஷத்தில் அவன் தாளம் தவறி அப்போதுதான் பார்த்தேன். பிறகு, மெதுவாக, சொல்லைத் தடவிப் பார்க்கிறவன்போலத் தொடங்கினான்:

லுப்பலுங் கோவுக்கு லோலக்கு வாங்கிக்
குப்பளம் ஆத்திலே கூடாரம் தேங்கிச்
சுப்புளி ஏறிச் சுழித்தது பாரு,
அப்புறம் போனவர் அம்புளி யாரு...

லோலக்கு! அவன் பாட்டில் நகை என்று ஒன்று வந்ததே இல்லை. ஒளித்து ஒளித்துக் கொஞ்சியவன் பெண் காதுக்கு லோலக்கு வாங்கிவிட்டான். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? பாட்டு நகர்ந்தது. ஐந்தாவது அடிக்கு மாடியே காத்திருந்தது. காந்தமணி மறுபடியும் ஒன்றைச் சொன்னாள், அதற்கு அடுத்ததும் சொன்னாள். எல்லாம் கரடுமுரடான சொற்கள், பழக்கமில்லாத வாயில் வருகிறவை. ஒன்றைக் கேட்டு எலோகேசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவளுக்குள் இத்தனை கிடந்திருக்கிறது. பொழுது சாயும்வரை அவள் கொடுத்தாள், அவன் பாடினான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தளம் முடிந்த அன்று அடியின் சத்தம் மாறிவிட்டது. சொத்தென்று விழுந்துகொண்டிருந்த அடி இப்போது ணங்கென்று கேட்டது. மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்று கை காட்டினார். வழக்கப்படி வீட்டிலிருந்து ஜிலேபியும் பொரியும் வந்தன. எஜமானியம்மா நடுவில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தவள், அன்றுதான் திரும்பியிருந்தாள். தன் கையாலேயே இலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் ஒரு தொன்னை மிச்சம் இருந்தது.

"அந்தச் சிரட்டைக்காரி எங்கேடி? அவளுக்குன்னு ரெண்டு ஜிலேபி கூடப் போட்டு வெச்சிருக்கேன்."

மேஸ்திரிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, அது வந்து... அந்த மருத்துவச்சி பொண்ணு..." என்று இழுத்தார்.

காந்தமணி எழுந்து வந்தாள். சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்த இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"என்கிட்ட குடுங்கம்மா. அது மருத்துவச்சி பொண்ணு இல்லே. என் பொண்ணு."

"உன் பொண்ணா? எங்கே அவ?"

"செத்துப்போச்சுங்கம்மா. டுனின்னு பேரு. என் வயித்துல பொறந்தவ. என் பொண்ணு."

எஜமானியம்மா தொன்னையை அவள் கையில் வைத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காந்தமணி மெல்லக் கையை உருவிக்கொண்டு கூடையிடம் போனாள். சிரட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஜிலேபியைப் பிட்டுப் பாதியைப் புருஷனிடம் நீட்டினாள்.

"டுனி அப்பா, சாப்பிடு" என்றாள்.

அவன் வாங்கிச் சாப்பிட்டான்.